மூன்று சீலை, இரண்டு சட்டை

அருந்ததிக்கு ஆசிரியை வேலை கிடைத்த செய்தியும், அந்த வேலைக்கு உடுத்திக்கொண்டு போக அவளிடம் சீலை இல்லை என்ற செய்தியும் ஒரே காலையில்தான் வீட்டுக்குள் வந்தன. முதற் செய்தியைத் தகப்பன் அருளம்பலம் படலையடியில் நின்று போறவர் வாறவருக்கெல்லாம் அறிவித்தார். இரண்டாவதைத் தாய் பராசக்தி அடுப்படியில் வைத்துக்கொண்டு குரக்கன் மாவைக் குழைத்தாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, ஆவணி மாதம். சண்டிலிப்பாயில் சோளகக் காற்று பனையோலைகளை ஓயவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சண்டையால் கொழும்பிலிருந்து சாமான் வருகிற பாதை பூட்டு. சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. துணிக்கடைகளில் கண்ணாடி அலுமாரிகள் இருந்தன, உள்ளே துணி இல்லை. எங்கேனும் ஒன்றிரண்டு சீலை தொங்கினாலும், விலை கேட்டவர்கள் செத்தவீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு வெளியே வந்தார்கள்.

அருந்ததி இத்தனை வருடமும் மானிப்பாயில் ஒரு ரியூட்டரியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அங்கே பாவாடை சட்டை போதும். பள்ளிக்கூடம் என்றால் அப்படியில்லை. ரீச்சர் சீலை கட்ட வேண்டும். அவளிடம் இருந்த ஒரே சீலை கலியாண வீடுகளுக்குக் கட்டுகிற பச்சை நைலெக்ஸ். அதன் முந்தானையை எலி கடித்துப் பார்த்துவிட்டது. ஒன்றாம் திகதி போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர்க்காரியிடம் ஆறு சீலை இருப்பதாக ஊரில் கதை.

அருளம்பலம் ஸ்டேசன் மாஸ்டர். அவர் மாஸ்டராக இருந்த ஸ்டேசனுக்கு இரண்டு வருடமாக றெயில் வரவில்லை. தண்டவாளம் பங்கர்க் குழி மூடப் போய்விட்டது. சிலிப்பர்க் கட்டைகளும் அதன் பின்னாலேயே போயின. மேடையில் ஆரோ ஆடு கட்டியிருந்தார்கள். ஆனாலும் மாஸ்டர் மாஸ்டர்தான். எப்போதாவது வருகிற சம்பளத்தை எடுக்க அரசாங்கக் கச்சேரிக்குப் போகிற நாளிலும் "டியூட்டிக்குப் போறன்" என்று சொல்லித்தான் சைக்கிளில் ஏறுவார். மொத்தமான வெள்ளை ட்றில் துணியில் தைத்த அவருடைய டியூட்டி உடுப்பு மூன்று சோடியும் கஞ்சி போட்டு மடித்தபடி அலுமாரிக்குள் இருந்தன. வீட்டில் அலுமாரி ஒன்றுதான். தாயும் மகளும் கொடியில் போட்டு எடுத்து உடுத்தினார்கள்.

"என்ரை பிள்ளை முதல் நாள் புதுப்புடவையோடைதான் போவாள்," என்று சொல்லிவிட்டு அருளம்பலம் பட்டணத்துக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். கையில் ஒன்றுமில்லை.

"என்ன, வாங்கேல்லையோ?" என்று பராசக்தி கேட்டாள்.

"உதெல்லாம் நிறம் போற சாமான்."

"தோய்ச்சுப் பாத்தனீங்களோ?"

"பாத்தாலே தெரியுதே. நீர் சோத்தைப் போடும்."

அவள் போட்டாள். முருங்கையிலைச் சுண்டலும் குரக்கன் பிட்டும். சோறு என்று அவர் சொன்னதும் ஒரு மரியாதைக்குத்தான்.

அடுத்த நாள் கத்தரீனா வந்தாள். பராசக்திதான் சொல்லி அனுப்பியிருந்தாள். கத்தரீனா குருநகர்க்காரி. கடற்றொழிலுக்குத் தடை வந்து புருசன் வலையைச் சுருட்டிப் போட்ட பிறகு அவள் அவனுடைய சைக்கிளை எடுத்தாள். கொழும்புக்கும் கனடாவுக்கும் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற உடுப்புகளை வாங்கி, மூட்டையாகக் கரியரில் கட்டி, ஊர் ஊராக விற்றாள். அவளிடம் உள்ள எல்லாச் சீலையும் டொக்டர் வீட்டுச் சீலைதான். அவள் சொல்லுகிற அத்தனை டொக்டரும் மெய்யாகவே இருந்திருந்தால் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள்.

"பிள்ளைக்கு வேலையாம் எண்டு மானிப்பாய்ச் சந்தியிலை கேள்விப்பட்டன்," என்று சொல்லிக்கொண்டே மூட்டையை மாமரத்தடியில் இறக்கினாள்.

"சந்திக்கே போட்டுதோ?" என்றாள் பராசக்தி.

"மாஸ்டர் சைக்கிளை நிப்பாட்டி நிப்பாட்டிச் சொன்னவராம். சரி, எத்தினை சீலை பாக்கிறியளக்கா?"

"கிழமைக்கு அஞ்சு நாள். அஞ்சு வேணுமெல்லே."

"உந்தப் பிழையைத்தான் எல்லாரும் விடுறது. அஞ்சு சீலை எடுத்தால் அஞ்சும் அஞ்சு பக்கம் இழுக்கும். ஒண்டு சிவப்புச் சட்டை கேக்கும், மற்றது நீலச்சட்டை கேக்கும், ஊதாச் சீலைக்கு ஊதாப் பாவாடை தேடி நீங்கள் வவுனியாவுக்குப் போக வேணும். மூண்டு எடுங்கோ. எல்லாம் ஒரு சாயல்லை. ரெண்டு சட்டை தையுங்கோ, ஒண்டு கபிலம், ஒண்டு சந்தனம். ரெண்டும் மூண்டோடையும் சேரும். மாத்தி மாத்திக் கட்டினால் பாக்கிறவைக்கு ஒரு அலுமாரி நிறையக் கிடக்கிற மாதிரித் தெரியும்."

"எங்கடை அலுமாரி நிறைஞ்சுதான் கிடக்கு," என்றாள் பராசக்தி.

அருந்ததி சிரிப்பை அடக்கிக்கொண்டு குந்தியிருந்து ஒவ்வொன்றாக விரித்தாள். தாயும் மகளும் சீலையை இரண்டு பக்கமும் பிடித்து வெயிலுக்கு எதிரே உயர்த்தினார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் நூல் தேய்ந்திருக்கும், குதிக்கால் படுகிற கரையில் கிழிந்திருக்கும். ஒரு றோசா ஜோர்ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது நடுவிலே மாமரம் முழுசாகத் தெரிந்தது.

"உது காத்தோட்டமான சீலை," என்றாள் கத்தரீனா.

"ஓம், நாங்களும் தெரிவம்," என்று பராசக்தி அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியில் மூன்று எடுத்து வைத்தார்கள். மண்ணிற வொயில் ஒன்று, சாம்பலில் சின்னப் பூப்போட்டது ஒன்று, கரும்பச்சைக் கைத்தறி ஒன்று. கைத்தறியின் ஓரத்தில் ஒரு கறை இருந்தது. கொய்யக மடிப்புக்குள் போய்விடும் என்று அருந்ததி கட்டிக் காட்டினாள்.

அப்போதுதான் முன்விறாந்தையில் செருமல் கேட்டது. அருளம்பலம் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி இருந்தார். அந்த நாட்களில் பேப்பர் கொப்பித்தாளில் அடிபட்டு வந்தது. மாஸ்டர் அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் உலகச் செய்தி வாசிக்கிற தோரணை குறையாது.

"இஞ்சேரும். மாமரத்தடியிலை ஆர்?"

"கத்தரீனா. பிள்ளைக்குச் சீலை பாக்கிறம்."

"ஆற்றை சீலை?"

"இனி எங்கடை சீலை."

"நேற்று ஆற்றை சீலை எண்டு கேக்கிறன். பிறத்தியார் உடுத்துக் கழிச்சதை என்ரை பிள்ளை உடுக்கிறதோ? எங்கடை பரம்பரையிலை உந்தப் பழக்கம் இல்லை. செத்ததுகளின்ரையோ, நோய் வருத்தக்காரற்றையோ, ஆர் கண்டது?"

"டொக்டர் வீட்டுச் சீலை மாஸ்டர்," என்றாள் கத்தரீனா.

"அப்ப வருத்தக்காரற்றைதான்."

கத்தரீனா கோபிக்கவில்லை. சைக்கிளில் ஊர் சுற்றுகிறவளுக்குக் கோபிக்க நேரம் காணாது. "மாஸ்டர், நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரி, எனக்கு விளங்காமல் கேக்கிறன். உங்கடை கோயில்லை அம்மாளுக்குச் சாத்தின சீலையை ஏலத்திலை எடுத்து உடுக்கிறியள்தானே? அதுவும் ஒருக்கால் உடுத்ததுதானே?"

இதை அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. மாஸ்டரின் முகத்தில், நீண்ட காலத்துக்குப் பிறகு, சிக்னல் விழுந்தது போல ஒரு தெளிவு தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை ஏலம்," என்றார். "பிள்ளைக்கு அம்மாளின்ரை சீலை எடுப்பம். மூண்டும் அங்கையே எடுப்பம்."

"உதுகளை வைச்சுவிடு கத்தரீனா," என்று பராசக்தி மெல்லிய குரலில் சொன்னாள். "வித்துப்போடாதை."

ஊர் அம்மன் கோயிலில் திருவிழா முடிந்த வெள்ளிக்கிழமை, அம்மாளுக்கு நேர்ந்து சாத்திய சீலைகளை ஏலம் விடுவது வழக்கம். வசதி உள்ளவர்கள் பட்டுச் சாத்துவார்கள். மற்றவர்கள் வொயிலும் கைத்தறியும் சாத்துவார்கள். அம்மாள் இரண்டையும் பேசாமல் உடுத்துவாள். பராசக்தி முதல் நாளே விசாரித்து வைத்திருந்தாள். மஞ்சள் வொயில் ஒன்றும் நீலக் கைத்தறி ஒன்றும் ஏலத்துக்கு வருகின்றன, ஒருவரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். அருளம்பலம் கச்சேரியில் எடுத்துவந்து தந்திருந்த சம்பளத்தைத் திரும்ப அவரிடம் கொடுக்கும்போது, "மஞ்சள், நீலம், பிறகு என்ன மிஞ்சுதோ அது," என்று இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

ஆனால் கோயில் மனேச்சர் முதலில் தூக்கிக் காட்டியது சிவப்புக் கூறைப்பட்டு. அதைக் கேட்கத் தொடங்கியவர் கதிரவேலு. கதிரவேலு ரிட்டயரான போஸ்ற் மாஸ்டர். ஊரில் ஒருவர் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த இரண்டு பேரும் இவர்கள்தான். இருபது வருடமாக இந்த விசயம் தீரவில்லை.

"போஸ்ற் மாஸ்டர் கேட்டிருக்கிறார். வேறை ஆரும்?" என்று மனேச்சர் கேட்டார்.

அருளம்பலம் சால்வையைச் சரிசெய்துகொண்டு கூட்டிக் கேட்டார். கதிரவேலு அதற்கு மேலே கேட்டார். சனம் திரும்பி நின்று பார்க்கத் தொடங்கியது. பெண்கள் பக்கத்தில் நின்ற பராசக்தி கையைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், இருமினாள். அருளம்பலம் அவளைக் கண்டார். ஆனால் ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர் பச்சைக்கொடி பிடித்த பிறகு பெண்சாதி இருமுகிறாள் என்று இறக்குவதில்லை. ஒருதரம், ரெண்டுதரம் என்று மனேச்சர் இழுத்து இழுத்துச் சொன்னார். மூன்றாந்தரத்துக்கு முன்னால் கதிரவேலு ஒரு புன்சிரிப்போடு பின்னுக்கு நகர்ந்தார்.

பட்டு அருளம்பலத்தின் கைக்கு வந்தது. மாதச் சம்பளம் உண்டியலுக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த மஞ்சள் வொயிலையும் நீலக் கைத்தறியையும், கேட்க ஆளில்லாமல், ஒரு பை வெங்காயத்தின் விலைக்குக் கதிரவேலு எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வருகிற வழியில் அருளம்பலம் சீலையை இரண்டு கையிலும் ஏந்தியபடி நடந்தார். பராசக்தி அவருடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். எதிரே வந்தவர்கள் விலகி நின்று கும்பிட்டார்கள். சீலையைத்தான் கும்பிட்டார்கள். மாஸ்டர் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

அருந்ததி சீலையை விரித்தாள். குங்குமமும் சந்தனமும் விளக்கெண்ணெயும் மணத்தன. கரையில் நெய்ப் பொட்டுகள்.

"வடிவான சீலை," என்றாள். "இதைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓடுறது என்னண்டு அப்பா?"

"மெதுவா ஓடு."

"சோக்குத் தூள் படும்."

"தட்டிவிடு."

"அப்பா, இது அம்மாளின்ரை சீலை. எல்லா நாளும் உடுக்கேலாது."

"ஏன் ஏலாது?"

அருந்ததி தாயைப் பார்த்தாள். பராசக்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "மாதத்திலை நாலைஞ்சு நாள் உந்தச் சீலையைத் தொடவும் ஏலாது. அந்த நாளுகளிலை பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுறதோ? அதிபரிட்டை என்ன காரணம் எழுதுறது, நீங்களே சொல்லுங்கோ."

அருளம்பலம் இதை யோசித்திருக்கவில்லை. வீட்டில் இரண்டு பெண்களோடு இத்தனை காலம் வாழ்ந்தும் யோசிக்க வேண்டி வரவில்லை.

"மற்ற நாளுகளிலை?" என்றார்.

"மற்ற நாளிலை மச்சம் மாமிசம் தின்னேலாது. ஆர் ஆரோ இருந்த கதிரையிலை இருக்கேலாது. இப்பவே கிணத்தடியிலை ரெண்டு பேர் வந்து முந்தானையைக் கண்ணிலை ஒற்றட்டோ எண்டு கேட்டிட்டினம். பிள்ளை படிப்பிக்கப் போறாளோ, வீதி உலா போறாளோ?"

அவர் எழும்பிப்போய்ப் பட்டைச் சாமியறையில் வைத்துவிட்டு வந்து பேப்பரை விரித்தார். அது முந்தாநாள் பேப்பர்.

இரவு பராசக்தி கொஞ்ச நேரம் குப்பிவிளக்குக்கு முன்னால் சும்மா இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கால் உளைந்தது. கிணற்றுத் துலா மிதிக்க ஆளில்லாமல் அன்று வீட்டு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் முழுவதையும் தாயும் மகளுமாக வாளியால் சுமந்திருந்தார்கள். "அம்மா, அந்த வேலையை விடுவமோ? ரியூட்டரி கிடக்குத்தானே," என்றாள் அருந்ததி. "வாயை மூடு," என்றாள் பராசக்தி. அவ்வளவுதான் கதைத்தார்கள்.

ஒன்றாம் திகதிக்கு ஒரு கிழமை இருக்கும்போது கத்தரீனா வந்தாள். எடுத்து வைத்த மூன்றும் மூட்டையில் அப்படியே இருந்தன.

"காசு இல்லை," என்றாள் பராசக்தி. "ஒரு பட்டுச்சீலை கிடக்கு. பாக்கிறியோ?"

சாமியறை வாசலில் இருந்தே கத்தரீனா எட்டிப் பார்த்தாள். உடனே கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ வேண்டாமக்கா. வேதக்காரி அம்மாளின்ரை சீலையை வித்தவள் எண்டு ஒரு சொல்லு வந்தால் நான் பிறகு எந்தப் படலையைத் திறக்கிறது? என்ரை பிழைப்பிலை மண்ணைப் போடாதையுங்கோ."

"அப்ப என்னத்தைத் தர?"

"வெள்ளைத்துணி ஏதும் கிடந்தால் சொல்லுங்கோ. பள்ளிக்கூடம் துவங்குது. பிள்ளையளுக்கு யூனிபோம் தைக்கத் துணி இல்லாமல் சனம் அலையுது. பழைய மேசைவிரிப்பைக் கூட விடுகினமில்லை. நல்ல மொத்த வெள்ளையெண்டால் இந்த மூண்டு சீலையும், ரெண்டு சட்டைக்குத் துணியும், ஒரு பாவாடையும் தருவன்."

பராசக்தி அலுமாரியைப் பார்த்தாள். அருந்ததி பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அருளம்பலம் விறாந்தையிலிருந்து எழும்பி உள்ளே வந்தார். "அது அரசாங்கச் சொத்து," என்றார். ஒருவரும் கேளாத கேள்விக்கு அவரே மறுமொழி சொன்னார்.

"தண்டவாளமும் அரசாங்கச் சொத்துத்தான்," என்றாள் பராசக்தி. "அது எங்கை?"

"றெயில் ஓடத் துவங்கினால் நான் என்னத்தைப் போட்டுக்கொண்டு நிக்கிறது?"

"றெயில் வாறதெண்டால் தூரத்திலையே கூவிக் கேக்குமெல்லே. அப்ப பாப்பம்."

"உமக்குப் பகிடி. இருபத்தேழு வருசம் அந்தக் கோட்டோடை நிண்டவன் நான். யாழ்தேவி றெயில் என்னைக் கண்டுதான் நிண்டது."

"நிண்டது, ஓம். நான் இல்லையெண்டு சொன்னனே?" பராசக்தியின் குரலில் பகிடி இல்லை. களைப்புத்தான் இருந்தது. "அது நிண்டிட்டுது. பிள்ளை இனித்தான் வெளிக்கிட வேணும்."

அவர் கொஞ்ச நேரம் அலுமாரிக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திறந்தார். கற்பூர மணம் வந்தது. மூன்று கோட்டும் மூன்று காற்சட்டையும் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தன. கத்தரீனா கை நீட்டியபோது, "பொறும்," என்றார். சவர அலகை எடுத்து வந்து கதிரையில் இருந்து, பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக நூல் அறுத்து மடிக்குள் போட்டார். துணியில் அலகு படாமல் அறுத்தார். ஒரு கோட்டின் உட்பையில் பழைய ரிக்கற் துண்டு ஒன்று இருந்தது. அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தொப்பி வேணுமோ?" என்று கேட்டார்.

"தொப்பியிலை சட்டை தைக்கேலாது மாஸ்டர்," என்றாள் கத்தரீனா.

அன்று பின்னேரம் பராசக்தி பனங்காய்களைப் பிழிந்து களியெடுத்தாள். சவர்க்காரம் இல்லாத காலத்தில் ஊரே அதில்தான் தோய்த்தது. சீலைகளை அந்தக் களியில் ஊறவைத்து, கும்மி, மூன்று தண்ணீரில் அலசி, வேலியோரம் நிழலில் விரித்தார்கள். காற்று மண்ணை அள்ளி வீச, திரும்ப ஒருதரம் அலசினார்கள். பனம்பழ வாசம் முழுவதும் போகவில்லை. கைமெசினில் தாய் சுற்ற, மகள் தைத்தாள். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்ததால் பகலிலேயே தைத்தார்கள். சட்டைத் துணி கொஞ்சம் போதாமல் இருந்தது. கபிலச் சட்டைக்கு ஒரு கை சந்தன நிறத்தில் ஒட்டுப் போட வேண்டி வந்தது. முந்தானை மறைக்கும் என்று இடது கைக்குப் போட்டார்கள். தைத்து முடித்தவற்றைப் பராசக்தி கொடியில் போடப் போனாள். அருளம்பலம்தான், "உதிலை ஏன், அலுமாரி வெறுமையாக் கிடக்கு," என்றார்.

ஒன்றாம் திகதி அருந்ததி மண்ணிற வொயிலைக் கட்டி, கொய்யகத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் போனாள். அருளம்பலம் அன்று படலையடிக்கு வரவில்லை.

பின்னேரம் அவள் வந்து முகம் கழுவினாள். பராசக்தி வெறுந்தேத்தண்ணீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கையெழுத்துப் போட்டிட்டியே?"

"போட்டிட்டன் அம்மா. மூண்டாம் வகுப்புத் தந்திருக்கினம்."

"சீலையைப் பற்றி ஆரும் கேட்டவையோ?" என்று விறாந்தையிலிருந்து குரல் வந்தது.

"கேட்டவை. கத்தரீனாட்டை எடுத்தது எண்டு சொன்னன்."

அருளம்பலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்ட ரீச்சர் தன்ரை சீலையைக் காட்டி, 'இதுவும் அவளிட்டைத்தான், டொக்டர் வீட்டுச் சீலை' எண்டவ."

பராசக்தி சிரித்தாள். நெடுநாளாய்ச் சிரிக்காததால் பாதியில் இருமல் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பவும் கேட்டார். "பிள்ளையள் எல்லாம் வெள்ளை உடுப்போடை வந்தவையோ?"

அவர் எதைக் கேட்கிறார் என்று அருந்ததிக்குத் தெரிந்தது. பனங்கட்டியைக் கடித்து, ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னாள். "கன பேர் பழுப்பேறினதோடைதான். ஒரு பெட்டை மட்டும் புதுச்சட்டை."

"என்ன துணி?"

"ட்றில். இந்த வெயிலுக்கு மொத்தம்தான். எண்டாலும் மடிப்புக் குலையாமல் நிண்டது. கீழ்க்கரையிலை மஞ்சள் பூசியிருந்தது."

"மஞ்சளோ?"

"புதுத்துணி எண்டால் மஞ்சள் பூசித்தானே உடுக்கிறது. தேப்பன் பட்டணத்துக்குப் போய்ப் புதுசா எடுத்துக்கொண்டு வந்தவராம். எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொட்டுப் பாக்கச் சொன்னவள்."

காற்றில் எங்கோ ஒரு காவோலை விழுந்து உரசிக்கொண்டு போனது. அருளம்பலம் பேப்பரை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார்.

"பொத்தான் ஓட்டை தெரியுதோ?"

"நெஞ்சிலை ஒண்டு. தைச்சு மூடிக் கிடந்தது. பாக்கிறவைக்குப் பூ வேலை மாதிரி."

"நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

"இல்லையப்பா."

"சொல்லிப்போடாதை," என்றார் ஸ்டேசன் மாஸ்டர். "பிறத்தியார் உடுத்தது எண்டு அந்த மனிசனுக்குத் தெரிய வேண்டாம்."